கரி எரிக்கப் போன ஞாயிறு: அம்பத்தூரிலிருந்து சுங்குவார்சத்திரம் வரை

சிறிய பிக்கப் வண்டியில் டீசல் இன்ஜினுக்கு இனி எதிர்காலம் இல்லை என்று என்னிடம் சொல்லாதவர்களே கிடையாது. டீக்கடையில் சொல்கிறார்கள், வண்டிக்கு இன்சூரன்ஸ் போட வருகிறவர் சொல்கிறார், என் மைத்துனன் வேலு சாப்பிடும்போதுகூடச் சொல்கிறான். இதில் யாரும் ஒரு டீசல் பம்பைக் கழற்றிப் பார்த்தவர்கள் அல்ல. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் கழற்றிப் பார்த்திருக்கிறேன், திரும்பப் பூட்டியும் இருக்கிறேன். அதனால் இந்தப் பயணத்தைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு.

பயணத்துக்குக் காரணம் ஒரு மஞ்சள் விளக்கு. இப்போது வரும் டீசல் வண்டிகளில் சைலன்சர் பாதையில் ஒரு வடிகட்டி இருக்கிறது. புகையில் இருக்கும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி நல்ல வேகத்தில் நிற்காமல் ஓடினால் சூடேறி அந்தக் கரி தானாக எரிந்துவிடும். என் வண்டி எங்கே ஓடுகிறது? அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைகளில் சரக்கை ஏற்றி, திருமுல்லைவாயலில் முலாம் பூசும் பட்டறையில் இறக்குகிறேன். ஆறு கிலோமீட்டர். அதற்குள் எத்தனை சிக்னல், எத்தனை மாடு! கரி சேர்ந்துகொண்டே போய் ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு எரிந்தது. சர்வீஸில் கேட்டேன். "ஹைவேல அரை மணி நேரம் நிக்காம ஓட்டுங்க சார். அப்பவும் அணையலன்னா கொண்டாங்க, மெஷின் வெச்சு எரிக்கணும்" என்றார்கள். வேலை செய்து சம்பாதிக்க வாங்கிய வண்டி, உல்லாசப் பயணம் கேட்கிறது. என் வாழ்நாளில் நானே அப்படிக் கேட்டதில்லை.

விஷயம் வேலுவுக்குத் தெரிந்துவிட்டது. அவன் பட்டாபிராமில் இருக்கிறான், எலெக்ட்ரிக் பிக்கப்பில் தண்ணீர் கேன் போடுகிறான். உடனே போன் செய்தான்.

"இன்னா மாமா, வண்டிக்கு மலச்சிக்கலாமே?"

"வாய மூடுறா."

"நானும் வரேன். லைட்டு அணையலன்னா அங்கியே சாவிய ஏங்கிட்ட குடுத்துடணும். மறுநாளே கரண்டு வண்டிக்கு அட்வான்ஸ் போட்றோம். இன்னா சொல்ற?"

"அணைஞ்சா? டீசல் செத்துப்போச்சுன்னு இனிமே என் காதுல வுழக் கூடாது."

"ஓகே மாமா."

கோபத்தில் ஒப்புக்கொண்டேன். ஆனால் சொன்ன வார்த்தை சொன்னதுதான். வண்டியே பந்தயப் பொருளாகிவிட்டது.

ஞாயிறு காலை 5.40க்கு அம்பத்தூர் ஓ.டி.யில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினேன். வண்டியை எடுக்கும்போது என் மனைவி கஸ்தூரி நல்ல புடவை கட்டி, பூ வைத்து, கையில் தண்ணீர் பாட்டிலோடு கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எங்க?"

"வண்டிக்கு மட்டும் தான் ஊர் சுத்தணுமா? முப்பத்தஞ்சு வருஷமா நானும் ஆறு கிலோமீட்டர்ல தான் ஓடிக்கினு கீறேன்."

கியரைப் போட்டேன்.

சி.டி.எச். சாலையில் அந்த நேரத்தில் பால் வண்டிகளும் ரயிலுக்கு ஓடுகிறவர்களும்தான். ஆவடியைத் தாண்டிப் பட்டாபிராம் வரை 14 கிலோமீட்டர், 25 நிமிடம். மேம்பாலத்தடியில் வேலு நின்றிருந்தான். அக்காவைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். "இன்னாக்கா, பொண்ணு பாக்கப் போற மாதிரி கீற?" என்றபடி ஏறினான். எங்கள் வண்டியில் ஓட்டுபவரைத் தவிர இரண்டு பேர் உட்காரலாம் என்று பத்திரத்தில் இருக்கிறது. வேலுவின் உடம்பைப் பார்க்காமல் போட்ட பத்திரம்.

இங்கே முதல் தகராறு. பட்டாபிராம் பக்கத்திலேயே வெளிவட்டச் சாலை இருக்கிறது. ஆறு வழி, சிக்னல் இல்லை, நேராக நசரத்பேட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலையைத் தொடலாம். கரி எரிக்க அதைவிட நல்ல சாலை கிடையாது என்றான் வேலு. அவன் சொன்னது சரி. ஆனால் அங்கே டோல் உண்டு. சரக்கு ஏற்றாமல் சும்மா ஓட்டுவதற்கு டோல் கட்டும் வழக்கம் எனக்கு இல்லை. திரும்பி ஆவடி வந்து, பருத்திப்பட்டு ஏரியை ஒட்டி, பூந்தமல்லி சாலையைப் பிடித்தேன். ஏரிக்கரையில் நடைப்பயிற்சிக்காரர்கள் கையை வீசி வீசிப் போனார்கள். "பாரு மாமா, அவங்களும் கரி தான் எரிக்கிறாங்க" என்றான். கஸ்தூரி சிரித்தாள். நானும் சிரித்தேன், வெளியே தெரியாமல்.

சென்னீர்குப்பத்தில் கஸ்தூரி டீ கேட்டாள். "லைட்டு அணையாம டீ கெடையாது" என்றேன். இன்ஜின் நன்றாகச் சூடேறியிருந்தது, அதை ஆறவிட மனமில்லை. மணி 6.50. பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறினேன்.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், உங்களுக்கும் உதவும். டாப் கியரில் சுகமாகப் போனால் கரி எரியாது. நாலாவது கியரிலேயே வைத்து, இன்ஜின் கொஞ்சம் சத்தம் போட்டு ஓடும்படி, அறுபதில் பிடித்தேன். நசரத்பேட்டை போயிற்று. செம்பரம்பாக்கத்தில் ஏரிக் காற்று ஜன்னல் வழியாக வந்தது. கஸ்தூரி கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு முகத்தை நீட்டிக்கொண்டாள். விளக்கு மட்டும் அசையவில்லை. வேலு ஒரு கண்ணை அதிலேயே வைத்திருந்தான்.

"என் வண்டிக்கு இந்த தொல்ல கெடையாது. ராத்திரி சொருகுனா காத்தால ரெடி."

"ஒன் வண்டியில குந்துனா தையல் மிஷின் மேல குந்துனா மாதிரி கீது."

"தையல் மிஷினு சம்பாதிக்குது மாமா. ஒன் யானை பேதி மருந்து தேடிகினு ரோட்டுல ஓடுது."

இருங்காட்டுக்கோட்டை தாண்டியதும் வண்டிக்குள் ஒரு சூடான வாசனை வந்தது. வேலு பதறிவிட்டான். "மாமா, தீஞ்ச நாத்தம் வர்து! நிறுத்து, நிறுத்து!"

"அது தான்டா வேணும். கரி பத்திகிச்சு. இப்ப நிறுத்துனா பாதி வெந்த சோறு தான்."

எரியத் தொடங்கிவிட்டது. முடியும்வரை ஓட வேண்டும். எதிரே ஸ்ரீபெரும்புதூர் டோல் தெரிந்தது. அதற்கு முன்னால் திரும்பிவிடுவதுதான் என் திட்டம். திரும்ப வேண்டுமானால் வேகத்தைக் குறைத்து, சர்வீஸ் சாலையில் இறங்கி, பாலத்தடியில் நிற்க வேண்டும். எரிவது நின்றுவிடும், பந்தயம் போய்விடும். நேராகப் போனால் டோல். வேலு சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். அவனுக்கு இரண்டு பக்கமும் லாபம். நான் இண்டிகேட்டர் மேல் கை வைத்தேன்.

கஸ்தூரி என் கையைத் தட்டிவிட்டாள். "இண்டிகேட்டர்ல இருந்து கைய எடுங்க. நேரா போங்க."

"டோலு..."

"நான் தரேன், போங்க."

போனேன். ஃபாஸ்டேக்கில் எவ்வளவு பிடித்தார்கள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வேலு மட்டும் மெதுவாக, "அப்பவே வெளிவட்டத்துல போயிருக்கலாம்" என்றான்.

சுங்குவார்சத்திரம் வருவதற்கு முன், ஒரு புளியமரத்தைத் தாண்டும்போது, விளக்கு அணைந்தது. நான் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கஸ்தூரிதான் கத்தினாள். "அணைஞ்சிச்சு! டேய் வேலு, அணைஞ்சிச்சுடா!" அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. ஹாரனை ஒரு முறை அடித்தேன். முன்னால் போன லாரிக்காரர் கையை வெளியே நீட்டி, என்ன என்று கேட்டார். அவருக்கு எப்படிச் சொல்வது?

சுங்குவார்சத்திரத்தில் இட்லி, வடை, டீ. மூன்று பேருக்கு 240 ரூபாய், பந்தயத்தில் தோற்ற வேலு கொடுத்தான். பக்கத்து மேசையில் பூந்தமல்லி காதர் பாய் என்று ஒருவர். அவரும் டீசல் பிக்கப் வைத்திருக்கிறார், கட்டில் பீரோ ஏற்றி ராணிப்பேட்டை வரை போகிறவர். அவரிடம் விளக்கைப் பற்றிக் கேட்டேன்.

"அந்த லைட்டு எங்க கீதுன்னே நமக்குத் தெரியாது நைனா. டெய்லி ராணிப்பேட்டை. கரிக்கு குந்த டைமே குடுக்கறதில்ல."

"பாத்தியாடா?" என்று வேலுவைப் பார்த்தேன்.

"அவரு ஓட்டம் அப்டி மாமா. நீ ஆறு கிலோமீட்டர் ஓட்றதுக்கு யானை வாங்கி வெச்சிகினு கீற."

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. இட்லி நன்றாக இருந்தது. பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வாரத்துல ரெண்டு நாள் நமக்கு இன்னொரு வண்டி தேவப்படுது. வர்றியா நைனா?" என்றார்.

வண்டியை மாற்ற மாட்டேன் என்று சொல்லியிருந்தேன், மாற்றவில்லை. ஓட்டத்தை மாற்றிவிட்டேன். இப்போது புதனும் சனியும் ராணிப்பேட்டை போகிறேன். திருமுல்லைவாயல் சரக்கை வேலு தன் தையல் மிஷினில் ஏற்றிப் போகிறான். தான் ஜெயித்ததாக அவன் பட்டாபிராம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. சொல்லட்டும், விளக்கு அணைந்துகிடந்ததை மூன்று பேரும் பார்த்தோம்.

அன்று மொத்தம் 116 கிலோமீட்டர், எட்டரை லிட்டர் டீசல், வீடு திரும்பும்போது 10.45. பிக்கப் வாங்க நினைப்பவர்கள் டீசலா, கேஸா, கரண்டா என்று என்னைக் கேட்காதீர்கள். ஒரு நாளைக்கு உங்கள் வண்டி நிற்காமல் எவ்வளவு தூரம் ஓடும் என்று உங்களையே கேளுங்கள். ஊருக்குள்ளேயே சுற்றுவதானால் டீசல் வேண்டாம்; இதை எழுதும்போது எனக்கு மனம் கசக்கிறது, ஆனால் உண்மை. பாரத்தோடு வெளியூர் போவதானால், ஒரு முறை நிரப்பினால் திரும்பி வரும்வரை கவலையில்லாத டீசலுக்கு இன்னும் பல வருடம் வேலை இருக்கிறது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? விளக்கு எரிந்ததும் அன்றைக்கே நெடுஞ்சாலைக்குப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள். இன்ஜின் ஆயிலையும் அளந்து பாருங்கள். குறைந்தால் மட்டுமல்ல, கூடியிருந்தாலும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எரிப்பு பாதியில் நின்று நின்று, டீசல் ஆயிலில் இறங்கியிருக்கும்.

ராணிப்பேட்டை ஓட்டம் ஆரம்பித்ததிலிருந்து விளக்கு எரியவே இல்லை. அந்த நாட்களில் வண்டியில் லோடுமேன் இருவர் உட்காருவதால் கஸ்தூரிக்கு இடமில்லை. நான் கிளம்பும்போது அவள் ஒவ்வொரு முறையும் வந்து டாஷ்போர்டை எட்டிப் பார்க்கிறாள்.

"எரியுதா?"

"இல்ல."

"நல்லா கீதுல்ல வண்டி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

போன ஞாயிறும் விளக்கு எரியவில்லை. 5.40க்குக் கிளம்பினோம், நானும் அவளும் மட்டும். சென்னீர்குப்பம் பக்கம் போகவில்லை. வெளிவட்டச் சாலையில் ஏறி டோல் கட்டினேன். வேலுவிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.