அடக்கத்துக்குக் கூட வர ஒரு ஆள்

1. படிவம்

தெருவோரம் வாழ்பவர்களுக்காக ஆவடியில் நடக்கும் ஓர் இல்லத்தின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் படிப்பதற்காக என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். நல்லபடியாக முடிந்த ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். இதுதான் வருகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு இருந்த ஒரே களப்பணியாளர் பரஞ்சோதி. ஐம்பது வயதிருக்கும். முன்பு குத்தம்பாக்கம் பக்கம் வயல் வேலை செய்தவர். ஆவடி ஸ்டேஷன், அம்பத்தூர் மார்க்கெட், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் என்று சைக்கிளில் சுற்றி, படுத்துக் கிடப்பவர்களோடு பேச்சுக் கொடுத்து, வர விரும்புபவர்களை அழைத்து வருவார். குளிப்பாட்டுவது, முடி வெட்டுவது, ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கிக் காத்திருப்பது எல்லாம் அவர்தான். இல்லத்தில் ஒருவர் இறந்து, தேடி யாரும் வராவிட்டால், போலீஸ் கடிதம் வாங்கி அடக்கம் செய்வதும் அவர்தான்.

ஒரு வருடம் நன்கொடையாளர் ஒருவர் புதுவிதமாக எழுதியிருந்தார். பணியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறுதொகை; அது இல்லத்துக்கு அல்ல, அவர்களுடைய நலனுக்கு. நான் ஒரு பக்கப் படிவம் டைப் செய்தேன். சமையல்காரம்மா கண்ணாடி கேட்டார். ஆயா திருப்பதி போய் வந்தார். பரஞ்சோதி மட்டும் சிரித்தார்.

"எனக்கு இன்னாம்மா கொறச்சல்? சைக்கிள் கீது, பல்லு கீது. வோணும்னா செயலாளர் ஐயாவுக்கு ஒரு சிரிப்பு வாங்கிக் குடுங்க."

விடாமல் கேட்டேன். ஒரு வாரம் கழித்துப் படிவத்தை என் மேஜையில் வைத்துவிட்டு நிற்காமல் போய்விட்டார். 'எனக்கு வேண்டியது' என்ற இடத்தில் பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்: அடக்கத்துக்குக் கூட வர ஒரு ஆள். பஸ் சார்ஜும் டீயும். ஆபீசில் யாராவது என்றாலும் சரி. 'இது எப்படி உதவும்' என்ற இடத்தில்: ஒண்டியாக நிற்க வேண்டாம்.

ஆபீசில் இருந்ததே இரண்டு பேர். மூட்டுவலியோடு படியேறும் செயலாளர், அப்புறம் நான்.

2. சிவப்பு மை

இங்கே என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. என் அப்பாவையே தெருமுனை வரை போய்த்தான் அனுப்பிவைத்தேன். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. மழைக்காலம் வந்தால் இளைப்பு. தினமும் வேலை முடிந்து போனதும் நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸின் பின்கட்டுக் குழாயில் கைகால் கழுவி, புடவை மாற்றிய பிறகே அவளைத் தொடுவேன். இல்லத்தின் வார்டில் யாராவது இருமினால் வாசலில் நின்றே பேசிவிட்டுத் திரும்புவேன். 'ஆபீசில் யாராவது' என்ற சொற்களைப் படித்ததும் அது நான்தான் என்று புரிந்துவிட்டது.

படிவத்தைச் செயலாளரிடம் காட்டினேன்.

"கூட ஆள் வச்சுக்கவா குடுத்திருக்காங்க? அவருக்குன்னு ஒரு பொருளா கேக்கச் சொல்லும்மா" என்றார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. சிவப்பு மையில் எழுதினேன்: பணியாளரின் சொந்த நலன் அல்ல. திருத்தித் தருக.

பரஞ்சோதி அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். "இது என் நலன் இல்லியாம்மா?"

"ரூல் அப்படிங்க. ஸ்வெட்டர், ரெயின்கோட்டுன்னு ஏதாவது எழுதுங்க."

"சரி, நீங்களே எய்திக்கோங்க."

ரெயின்கோட் என்று நானே எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

3. கேட்டுக்கு வெளியே

அந்த ஐப்பசியில் ஒரே வாரத்தில் மூன்று பேர் இறந்தார்கள். முதல் இருவருக்கும் பரஞ்சோதி தனியாகப் போய் வந்தார். மூன்றாமவர், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டிலிருந்து அவரே அழைத்து வந்த பெரியவர். பேர் சொல்லத் தெரியாதவர். பரஞ்சோதிதான் அவருக்குச் சோறு ஊட்டுவார். "நைனா, இன்னிக்கும் முள்ளங்கி சாம்பார்தான். என்னைத் திட்டாம துண்ணு" என்று அவர் சொல்வது ஆபீஸ் வரை கேட்கும்.

காலையில் உடலை வேனில் கொண்டுபோன பரஞ்சோதி மதியம் இரண்டு மணியாகியும் திரும்பவில்லை. செயலாளர் என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னார். வேறு ஆள் இல்லை. ஆட்டோவில் சேக்காட்டைத் தாண்டிப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. மயானத்தின் கேட் அருகே இறங்கியவள் அங்கேயே நின்றுவிட்டேன்.

குழி வெட்டுபவர் மண்வெட்டியோடு வந்தார். "ஆபீசா? உள்ள வாம்மா. மூணு கைப்புடி மண்ணு போடச் சொன்னேன். அண்ணாத்த ஒண்ணு போட்டாரு, அப்டியே குந்திகினாரு. குழியை மூடி எவ்ளோ நேரமாச்சு, எயுந்திருக்கவே மாட்றாரு."

இருபதடி தூரத்தில் ஈர மண்ணில் பரஞ்சோதி உட்கார்ந்திருந்தார். ரெயின்கோட் போட்டிருந்தார். அது நன்றாகத்தான் வேலை செய்தது, சட்டை நனையவில்லை. தோள் மட்டும் விடாமல் குலுங்கிக்கொண்டிருந்தது.

"பரஞ்சோதி!" என்று கூப்பிட்டேன்.

திரும்பிப் பார்த்தார். "உள்ள வராதீங்கம்மா. பொண்ணு சின்னது, உங்களுக்கு ஆவாது. நானே வரேன்."

எழ முயன்றார், முடியவில்லை. மறுபடி முயன்றார். நான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போகவில்லை. குழி வெட்டுபவர்தான் அவரைத் தூக்கி நிறுத்தினார்.

மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை.

4. பதில்

நன்கொடையாளருக்கு நடந்ததை மறைக்காமல் எழுதினேன். பதில் சீக்கிரமே வந்தது. பணியாளர் எதைத் தன் நலன் என்று சொல்கிறாரோ அதற்கே கொடுக்கலாம், பொருளாகத்தான் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவே இல்லையே என்று கேட்டிருந்தார். எடுத்து அவருடைய முதல் கடிதத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு வரி அதில் இல்லை. ரூல் எங்களுடையது.

பரஞ்சோதி வேலப்பன்சாவடியில் ஒரு மரக்கிடங்கில் வாட்ச்மேனாகச் சேர்ந்திருந்தார். தேடிப் போனேன். உட்கார ஸ்டூல் போட்டு, டீ வாங்கி வந்து கொடுத்தார். அவர் கேட்டது கிடைத்துவிட்டது என்று சொன்னேன்.

"சந்தோசம்மா. புச்சா வர்ற ஆளுக்குக் குடுங்க."

"நீங்க வாங்க. இனிமே ஒவ்வொரு தடவையும் நான் கூட வரேன்."

வாசலில் சிதறிக் கிடந்த மரத்தூளைக் காலால் ஒதுக்கினார். "அன்னிக்கு மழைல கேட்டு வரைக்கும் வந்தீங்க. அதுவே போதும்னு சொல்லணும்னுதாம்மா கீது. வாய் வர்ல."

நான் டீயைக் குடித்து முடித்தேன். பஸ் ஏறும்வரை கூடவே வந்து நின்றார்.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு பணியாளர் தனக்கு வேண்டியதை எழுதிக் கொடுத்தால், ரூலைத் தேடுவதற்கு முன் உங்களுக்கு என்ன பயம் என்று பாருங்கள். என் பயத்துக்கு ரூல் என்று பெயர் வைத்து நானே சிவப்பு மையில் எழுதியும் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் இல்லத்தில் யார் இறந்தாலும் களப்பணியாளரோடு நானும் மயானத்துக்குள் போகிறேன். மகள் வளர்ந்துவிட்டாள்; ஆனாலும் வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொள்ளும்வரை அவளை அருகில் விடுவதில்லை. இப்போது வரும் களப்பணியாளர், அலுவலகத்திலிருந்து ஒருவர் கூட வருவது இங்கே எப்போதுமே வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் நான் ஒன்றும் சொன்னதில்லை.