நான் போட்ட சிவப்பு வட்டம்

அந்த மென்பொருளை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் கல்லூரியில், எந்தப் பாடம் படிக்கப் போகிறோம் என்று பிள்ளைகள் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். வகுப்பாசிரியர் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. இனிமேல் எல்லாம் போனில், அவரவரே பதிந்துகொள்ள வேண்டும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து உத்தரவு வந்தது. நல்லதுதானே என்றார்கள் எல்லாரும். எனக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. நான் அங்கே தமிழ் நடத்துகிற கெஸ்ட் லெக்சரர். இரண்டாம் மொழியாகத் தமிழ் எடுக்கப் பத்துப் பேராவது இருந்தால்தான் வகுப்பு. வகுப்பு இருந்தால்தான் நான். மார்க்கெட்டில் காய்கறி விற்கிறவர்கள், ஹோட்டலில் வேலை செய்கிறவர்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள், இவர்களுடைய பிள்ளைகள்தான் என் வகுப்பு. தமிழைவிட மலையாளத்தை வேகமாக வாசிப்பார்கள். ஆனாலும் வருஷா வருஷம் என்னிடம் வந்துவிடுவார்கள். தாளில் எழுதியவரை அது என் கண்முன்னால் நடந்தது. போனுக்குள் யார் என்ன செய்வார்கள் என்று யாருக்குத் தெரியும்?

விளக்கம் சொல்லக் கம்பெனியிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். எதைக் கேட்டாலும் சிரித்தான். அப்படிச் சிரிக்கிறவர்களை நான் நம்புவதில்லை. மொழிப் பாடம் தேர்ந்தெடுக்கும் இடத்தில் பெயரே இல்லை, வெறும் எண்கள்தான். இந்தியின் எண் முதலில். தமிழின் எண் கடைசியில். விரலால் தள்ளிக்கொண்டே போனால்தான் கண்ணில் படும். ஏன் இப்படி என்று கேட்டேன். எண் வரிசை டீச்சர், வேறொன்றுமில்லை என்றான். வேறொன்றுமில்லை என்று ஒருவன் தானாகச் சொன்னாலே வேறு ஏதோ இருக்கிறது என்றுதான் எனக்குப் படும்.

போதாக்குறைக்கு, மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலையை என் தலையிலேயே கட்டினார்கள். எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டு ஒரு மலையாளிப் பெண்மணி; நான் சேச்சி என்று கூப்பிடுவேன். உங்களுக்குத்தான் பொறுமை ஜாஸ்தி என்று சொல்லி ஒரு சாயாவும் வாங்கிக் கொடுத்தார். எனக்குப் பொறுமையா! என் வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். நான் தமிழைக் காட்டிப் பழக்கினால், பிள்ளைகளைத் தன் வகுப்புக்கு இழுக்கிறாள் என்று மறுநாளே புகார் போகும். அந்தச் சந்தர்ப்பத்தை யாருக்கும் கொடுப்பதாக இல்லை நான்.

அதனால் கவனமாகச் செய்தேன். சோதனைப் பக்கத்தில் ஒவ்வொரு திரையையும் படம் எடுத்து, அமுக்க வேண்டிய இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு, வகுப்பு வாட்ஸாப் குழுவில் அனுப்பினேன். மொழித் திரையில் வட்டம் போட்டது இந்தியின் எண்ணைச் சுற்றி. ஒரு உதாரணத்துக்குத்தான். யாரும் என்மேல் ஒரு சொல் சொல்ல முடியாது பாருங்கள்.

பிறகு கம்ப்யூட்டர் லேபில் எல்லாரையும் உட்கார வைத்துப் பயம் காட்டினேன். பக்கத்துக் கிடங்கில் சுக்கு இறக்கிக்கொண்டிருந்தார்கள், எல்லாருக்கும் தும்மல். அதற்கு நடுவே, வட்டம் போட்ட இடத்தைத் தவிர வேறு எதையாவது தொட்டால் பதிவே போய்விடும், அப்புறம் என்னிடம் வந்து அழக்கூடாது என்று கறாராகச் சொன்னேன். நான் அதை நம்பவும் செய்தேன். மொழி மட்டும் அவரவர் விருப்பம் என்று இடையில் ஒரு வார்த்தை சொன்னதாகத்தான் ஞாபகம்.

பதிவு முடிந்த மறுநாள் பார்த்தால், தமிழுக்கு ஒருவர்கூட இல்லை.

எனக்குத் தெரியும், எனக்கு அப்பவே தெரியும் என்று கத்திக்கொண்டே ஆபீசுக்குள் போனேன். மென்பொருள் மாற்றிவிட்டது என்றேன், கம்பெனிக்காரனைக் கூப்பிடுங்கள் என்றேன். சேச்சி திரையை என் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு பிள்ளையும் தன் போனில், தனக்கு வந்த ஓ.டி.பி.யைப் போட்டு, இந்தியைத்தான் எடுத்திருந்தது. அப்படியானால் யாரோ பிள்ளைகளின் மனசைக் கலைத்திருக்கிறார்கள்! முதல் பெஞ்சில் உட்காரும் பெண்ணை வராந்தாவில் பிடித்தேன். அவளுடைய அப்பாவுக்கு மார்க்கெட்டில் காய்கறிக் கடை.

"யாரு சொல்லி மாத்தினே?"

அவள் போனை எடுத்துக் காட்டினாள். என் படம். என் சிவப்பு வட்டம்.

"நீங்க போட்டதுதானே டீச்சர். வேற எதையும் தொடவே இல்லை."

பாராட்டுவேன் என்று எதிர்பார்த்து நின்றாள். நான் நேரே ஆபீசுக்குத் திரும்பினேன்.

திருத்திக்கொள்ள அன்று சாயங்காலம்வரை நேரம் உண்டு என்று சேச்சிதான் சொன்னார். என் வகுப்புப் பிள்ளைகளை மறுபடி லேபில் கூட்டினேன். கடைசி எண்ணைச் சுற்றி வட்டம் போட்டுப் புதுப் படம் அனுப்பினேன். இதுதான் தமிழ், போன வருஷம் எடுத்தவர்கள் இதற்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். ஒருவரும் கை வைக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அந்தப் பெண்தான் எழுந்தாள்.

"அன்னைக்கு வேற தொட்டா பதிவே போயிடும்னீங்க. இன்னைக்கு மாத்தச் சொல்றீங்க. நிஜமா நீங்கதான் சொல்றீங்களா டீச்சர், இல்ல ஆபீஸ்ல யாராவது சொல்லச் சொன்னாங்களா?"

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. அவள் கேட்டவிதம் அப்படியே நான் கேட்பது மாதிரி இருந்தது.

"நான்தான் சொல்றேன். நீங்க பத்துப் பேர் இல்லேன்னா எனக்கு இங்கே வேலை இல்லை."

அதுவரை யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. அவள் உட்கார்ந்து, திரையைக் கடைசிவரை தள்ளி அமுக்கினாள். மற்றவர்கள் அப்போதும் அசையவில்லை. அவளைச் சுற்றிக் கூடி, அவள் போனில் பதிவானது என்று பச்சை எழுத்து வரும்வரை பார்த்துவிட்டு, அப்புறம்தான் அவரவர் போனை எடுத்தார்கள்.