வெந்நீருக்குப் போன மருதம்பட்டை

காலையில் கடைக்கு வந்த மருதம்பட்டைப் பார்சலைப் பிரித்தேன். பிளாஸ்டிக் பைக்குள் வியர்த்திருந்தது. அந்தப் புழுங்கிய வாடை, இதே நாட்டு மருந்துக் கடையில் அம்மா உட்கார்ந்திருந்த காலத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது.

ஒரு ஐப்பசியில் அப்பா, சரியாகக் காயாத பட்டையைத் தகர டின்னில் போட்டு இறுக மூடிவிட்டார். மழை விட்ட பிறகு அம்மா திறந்தபோது பட்டையெல்லாம் பூஞ்சணம் பூத்திருந்தது. ஒரு துண்டை ஒடித்து மென்று பார்த்தாள். துவர்ப்பே இல்லை.

அன்றைக்கென்று புளியங்குடியிலிருந்து ஒரு பெரியவர் கஷாயத்துக்குப் பட்டை கேட்டு பஸ் ஏறி வந்திருந்தார்.

“பூஞ்சணம்தானம்மா, கழுவிக்கிடுதேன். தாங்க” என்றார்.

“கழுவினா பூஞ்சணம் போவும் அண்ணாச்சி. போன துவர்ப்பு வராது. அதுதான் மருந்தே. எதுத்த கடையில நல்லாக் காஞ்சது இருக்கு, அங்கன வாங்கிக்கிடுங்க.”

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. எதிர்க்கடைக்காரருக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. டின் முழுவதும் வெந்நீர் அடுப்புக்குப் போனது. அந்த மழைக்காலத்தில் சங்கரன்கோவிலிலேயே விலை கூடிய வெந்நீரில் குளித்தது நாங்கள்தான். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் பார்சல் அனுப்பிய வியாபாரி போன் செய்தார். “சரக்கு எப்படிம்மா இருக்கு?”

புறவாசல் வெந்நீர் அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன்.

“நல்லா எரியுது அண்ணாச்சி.”