சின்ன மாப்பிள்ளையின் மஞ்சள் தூள்

என் சகலையை எனக்குப் பிடிக்காது. இத்தனை வருஷம் கழித்தாவது இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. செய்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

எண்பதுகளின் நடுவில் நான் விழுப்புரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். என் மாமனாருக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை வியாபாரம். வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் அவருடைய கறுப்புக் கார் நிற்கும். எனக்குக் கல்யாணமானபோதே அது கிழட்டு வண்டிதான். மாமாவுக்கு ஓட்டத் தெரியாது. அதனால் ஆறு வருஷமாக அதன் சாவி என் பேண்ட் பையில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் பிடித்துத் திண்டிவனம் போவேன். மாமாவையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு ஊரை ஒரு சுற்று சுற்றி வருவேன். "பெரிய மாப்ள வண்டி எடுத்துட்டாரு டோய்" என்று தெருவில் யாராவது சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பேன் என்றால் சிரிக்காதீர்கள்.

அப்புறம் என் மைத்துனிக்குக் கல்யாணமாகி, வந்து சேர்ந்தான் சின்ன மாப்பிள்ளை. அவனும் விழுப்புரம்தான், லாரிப் பட்டறையில் மெக்கானிக். பத்தாவது தாண்டாதவன். நகக்கண்ணில் கரி போகவே போகாது. நான் மனசுக்குள் அவனை 'பட்டறை' என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் வந்த ஒரே வருஷத்தில் மாமா அவனை "வாடா மாப்ள, சாப்பிட்டியா" என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது. என்னிடம் ஆறு வருஷமாக "வாங்க, சாப்பிடுங்க" தான். மரியாதையாம்! எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

மாமாவின் அறுபதாம் கல்யாணத்தை வைகாசியில் மயிலம் மலைக் கோயிலில் வைப்பதென்று முடிவானது. "அன்னிக்கு எங்க ரெண்டு பேரையும் நம்ம வண்டியில பெரிய மாப்ளதான் ஓட்டிக்கினு போவணும்" என்று மாமா எல்லார் முன்னாலும் சொன்னார். நான் ஓரக்கண்ணால் பட்டறையைப் பார்த்தேன். அவன் சிரித்த முகமாகத் தலையாட்டினான். கொஞ்சமாவது முகம் வாடியிருக்கக் கூடாதா?

பதினைந்து நாள் இருக்கும்போது, வண்டியை ஒரு முறை தூரமாக ஓட்டிப் பார்க்கலாமென்று விக்கிரவாண்டி வரை போனோம். திரும்பும்போது சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறி, முன்பக்கம் குபுகுபுவென்று ஆவி வந்தது. ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றி, நிறுத்தி நிறுத்தி வீடு வந்தோம். பட்டறை வண்டிக்கு அடியில் படுத்து இரண்டு நிமிஷம் பார்த்தான்.

"ரேடியேட்டர் அடியில ஊசிமுனையாட்டம் ஓட்டை மாமா. தண்ணி ஒழுவிக்கினே கீது. அத்த, ஒரு பிடி மஞ்சத்தூள் குடுங்க."

அத்தை கொடுத்தார். ரேடியேட்டர் வாயைத் திறந்து அதைப் போட்டு இஞ்சினை ஓடவிட்டான். பத்து நிமிஷத்தில் ஒழுக்கு சொட்டாகச் சுருங்கியது. அடேங்கப்பா, அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த அமர்க்களத்தைப் பார்க்க வேண்டுமே! மாமா தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி மஞ்சள் தூள் கதையைச் சொன்னார். மத்தியானம் அவன் இலையில் வடை தீரத் தீர விழுந்தது. என் இலையிலும் விழுந்தது, இல்லையென்று சொல்லவில்லை. கேட்டபிறகு விழுந்தது.

"இது சும்மா இப்போதைக்குத்தான். அடுத்த ஞாயித்துக்கிழம ரேடியேட்டர கழட்டி ஈயம் வெச்சி அடச்சிட்டா பேஜாரே இல்ல" என்றான் அவன்.

அடுத்த ஞாயிறும் அவனுக்கா? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பள்ளி விடுமுறை. புதன்கிழமை, வண்டி துடைக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுத் தனியாகத் திண்டிவனம் போனேன். அடியில் இன்னும் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. அவன் வருவதற்குள் நானே அதை நிறுத்திவிட வேண்டும். அத்தையிடம் மஞ்சள் தூள் கேட்டால் அவனைப் பார்த்துச் செய்ததாகிவிடும். சமையலறையில் கூழுக்கு அரைத்த கேப்பை மாவு ஒரு டின் நிறைய இருந்தது. மாவு சூட்டில் வெந்தால் இறுகும், இறுகினால் ஓட்டையை அடைக்கும். பத்து வருஷம் வெப்பப் பாடம் நடத்தியவனுக்கு இது தெரியாதா? அத்தை கொல்லைப்பக்கம் போன சமயம் கைக்குட்டையில் இரண்டு பிடி முடிந்துகொண்டேன். அவன் போட்டது ஒரு பிடிதானே!

மாவைப் போட்டு, இஞ்சினை ஓடவிட்டு, வண்டியை மண்டி வரைக்கும் கொண்டுபோய்க் கொண்டுவந்தேன். சொட்டு நின்றேவிட்டது. குனிந்து பார்த்தேன். ஈரமே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

"மாமா, ஒழுக்க நானே நிறுத்திட்டேன். அதுக்குன்னு ஒரு மருந்து விக்குது, வாங்கி ஊத்தினேன். தம்பிய ஞாயித்துக்கிழம வரவேணான்னு சொல்லிடுங்க."

"பரவால்லியே!" என்றார் மாமா. மயிலம் போகும் நாள்வரை நான் வண்டியை வெளியே எடுக்கவேயில்லை. பத்திரமாக இருக்கட்டுமென்று.

அந்த நாளும் வந்தது. பின்சீட்டில் மாமா பட்டு வேட்டியில், அத்தை கூறைப்புடவையில், கழுத்தில் மாலையோடு. பின்னால் வேனில் சொந்தக்காரர்கள், அவர்களோடு பட்டறை. ஒன்பது மணிக்கு முகூர்த்தம். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் முள் சிவப்பைத் தொட்டது. பார்க்காததுபோல ஓட்டினேன். அப்புறம் முன்கண்ணாடியே தெரியாதபடி ஆவி மறைத்தது.

வண்டியை ஓரங்கட்டி, பானட்டைத் தூக்கி, பதற்றத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். வேனிலிருந்து குதித்து ஓடிவந்த பட்டறை என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணே! தொடாதீங்க, மூஞ்சியெல்லாம் வெந்துடும்!"

அழுத்தத்தில் இருக்கும் வெந்நீரைப் பற்றிப் பரீட்சையில் கேள்வி கேட்பவன் நான். அத்தனை சொந்தக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் அவசரப்படவில்லை. ஃபேன் பெல்ட்டை அழுத்திப் பார்த்தான், நல்ல இறுக்கம். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மேல் ஓஸைத் தொட்டான், நெருப்பு. கீழ் ஓஸைத் தொட்டான், ஜில்லென்று இருந்தது. "தண்ணி எறங்கல. ரேடியேட்டருக்குள்ள எதுவோ அடச்சிக்கினு கீது" என்றான். ஆறவிட்டு, அடியில் இருந்த திருகைக் கழற்றினான். ஒரு சொட்டுகூட வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினான். கொழகொழவென்று பழுப்பாக ஏதோ இழைபிடித்து இறங்கியது. கூடவே வாடை. பத்து நாள் புளித்த கூழ் வாடை!

பட்டறை அதை இரண்டு விரலில் எடுத்தான். மூக்கருகே கொண்டுபோனான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"இன்னா மாப்ள அது?" என்று மாமா மாலையோடு எட்டிப் பார்த்தார்.

'சொல்லேன்டா' என்று நினைத்தேன். சொன்னால் சாவி போகும், மானம் போகும். ஆனால் காலத்துக்கும் அவனை வெறுக்க எனக்கு நியாயமான ஒரு காரணம் கிடைத்துவிடும்.

"பழைய துரு மாமா. ஊர்த் தண்ணி அப்பிடி" என்றான் அவன், விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டே. "நீங்க வேன்ல ஏறுங்க, ஜல்தி. அண்ணே, நீங்களும் போங்க. மால எடுத்துக் குடுக்கப் பெரிய மாப்ள வேணும். நான் இத பாத்துக்கினு வர்றேன்."

போனேன். மேடையில் மாலை எடுத்துக் கொடுத்தேன். தாலி கட்டும் முன் மாமா கேட்டார், "சின்ன மாப்ள வந்துட்டானா?" கட்டி முடித்ததும் கேட்டார். அட்சதை விழும்போதும் கேட்டார். அவர் பக்கத்திலேயே நின்ற என்னை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது வண்டி வந்தது. ரேடியேட்டரைக் கழற்றித் தோளில் தூக்கிப்போய், யாரோ ஒருவருடைய பம்புசெட்டில் தலைகீழாகப் பிடித்து அலசி, ஓட்டையில் துணி சோப்பைத் தேய்த்து அடைத்து, திரும்ப மாட்டி ஓட்டி வந்திருக்கிறான். புதுச்சட்டை முழுக்கச் சேறு. நேராக என்னிடம் வந்தான்.

"இந்தாங்கண்ணே, சாவி."

நான் கை நீட்டினேன்.

"அது உன்கிட்டயே இருக்கட்டும்டா மாப்ள" என்றார் மாமா.

சாயங்காலம் விழுப்புரம் பஸ்ஸில் நானும் என் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். விக்கிரவாண்டி தாண்டும் வரைக்கும் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அப்புறம் திரும்பாமலே கேட்டாள்:

"ஏங்க, கூழுக்கு உப்பு போட்டீங்களா?"

எனக்குப் பகீரென்றது. அடுத்த நொடியே, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, மனசு துள்ளியது. போட்டுக்கொடுத்துவிட்டான்! எல்லார் முன்னாலும் நல்லவன் வேஷம் போட்டுவிட்டு, பெண்டாட்டியிடம் சொல்லி, அவள் அக்காவிடம் சொல்லி... பயல் மாட்டினான்.

"அவன்தானே சொன்னான்?" என்றேன்.

"அவரு ஏன் சொல்றாரு? அது துருதான்னு என் தங்கச்சிகிட்டயே சத்தியம் பண்றாரு" என்றாள் அவள். "அந்தப் புதன்கிழம உங்க கைக்குட்டைய தொவச்சது யாரு?"