இரண்டாம் கியர்

சம்மாந்துறையை விட்டு நடக்கத் தொடங்கி, வயல்களுக்கு நடுவே போகும் ரோட்டில் பாதித் தூரம் வந்த பிறகுதான் எங்கே போகிறேன் என்று யோசித்தேன். எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும். தோளில் தொங்கிய பள்ளிக்கூடப் பைக்குள் புத்தகம் இல்லை. ஒரு சாரனும் இரண்டு சட்டையும் இருந்தன. உம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார். வாப்பா வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருந்தார். உம்மாவின் தங்கச்சியான சாச்சிதான் என்னை வைத்துப் பார்த்தார். அவர் வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் தன் பிள்ளைகளோடு சேர்த்து என்னையும் தினமும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார். அது எனக்குச் சரிவரவில்லை. கல்முனைக்குப் போய் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிவிடுவோம் என்று முடிவெடுத்த நேரத்தில், பின்னால் ஒரு பிக்கப் குலுங்கிக் குலுங்கி வந்து நின்றது.

ஓட்டி வந்தவர் மாமா, உம்மாவின் அண்ணன்.

"என்ன மருமகன், பள்ளிக்கூடத்தக் கல்முனைக்கு மாத்திட்டாங்களா?"

நான் காலால் மண்ணைக் கிளறினேன்.

"ஏறு, ஏறு. சாச்சிக்கிட்ட நான் கதைக்கிறன்."

பின்பெட்டியில் வைக்கோல் பரப்பி, தயிர்ச் சட்டிகளை அடுக்கியிருந்தார்கள். நிந்தவூரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகும் எருமைத் தயிர். மாமா ஒரு தயிர் வியாபாரியிடம் சம்பளத்துக்கு ஓட்டினார். எருமைத் தயிர் கத்தியால் வெட்டலாம் போல உறைந்திருக்கும். ஆனால் வண்டி வெட்டி வெட்டி இழுத்தால் சட்டிக்குள்ளேயே உடைந்து தண்ணீர் விட்டுவிடும். போன கிழமை அப்படித்தான் ஒரு லோடு உடைந்து திரும்பி வந்ததாம். "மறுகா ஒருக்கா இப்பிடி வந்தா, வண்டித் திறப்ப மேசையில வெச்சிட்டுப் போ" என்று முதலாளி சொல்லிவிட்டாராம். மாமா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மாமா ஓட்டினால் வண்டியில் இருப்பவர்கள் தூங்கிவிடுவார்கள் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சொல்வது. அன்று அவர் கியர் மாற்றிய விதம் வேறு மாதிரி இருந்தது. ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு, வலது கையை உடம்புக்குக் குறுக்காக நீட்டிக் கியரைத் தள்ளினார். அதற்குள் வண்டி வயல் பக்கம் சாய, அவசரமாகக் கையைத் திருப்பி எடுக்க, காலும் அவசரப்பட்டுக் கிளட்ச்சை விட்டது. வண்டி துள்ளியது. இடது கை அவர் மடியில் பேசாமல் கிடந்தது.

"கை சுளுக்கு" என்றார், நான் கேட்காமலே.

அடுத்த துள்ளலில் சட்டிகள் ஒன்றோடொன்று உரசின. மாமா ஓரமாக நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கியர் போடுறியா?"

வீட்டை விட்டு ஓடும் ஒருவனிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது! இடது பக்கச் சீட்டில் இருந்தபடி என் வலது கையைக் கியர்க் கம்பியில் வைத்தேன். முதலாவது விழுந்தது. இரண்டாவதுக்கு இழுத்தபோது அடியில் இரும்பு இரும்பைக் கடித்தது.

"அதென்ன கோழியா, கழுத்தத் திருகுறாய்? கையப் பிடிக்கிற மாதிரிப் பிடி."

இரண்டாம் கியர்தான் அந்த வண்டியின் பிடிவாதம். முதலாவதிலிருந்து எடுத்ததும் நடுவில் ஒரு மூச்சு நேரம் சும்மா இருக்க வேண்டும். என்ஜின் சத்தம் இறங்கி வரும். அப்போது விரல்களால் தொட்டாலே போதும், தானாக உள்ளே போகும். பொறுக்காமல் இழுத்தால் கத்தும். மாமா முதலில் "இப்ப", "இப்ப" என்று சொல்லிக்கொண்டு வந்தார். மாவடிப்பள்ளிப் பாலம் வருவதற்குள் எனக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை. அவருடைய இடது முழங்காலைப் பார்த்தேன். அது தாழ்ந்தால் கிளட்ச் மிதிபடுகிறது. நான் மாற்றினேன். அது மெதுவாக எழும்பியது. வண்டி எதையும் உணராததுபோல ஓடியது. காரைதீவுச் சந்தியில் மாடுகள், ஆட்டோக்கள், ஒரு பஸ் எல்லாவற்றுக்கும் இறக்கி ஏற்றித் தெற்கே திரும்பினோம். பின்னால் ஒரு சட்டியும் சத்தம் போடவில்லை. கல்முனைக்குப் போகும் ரோடு அதே சந்தியில் எதிர்ப்பக்கம் பிரிந்தது. அதை நான் மறந்தே போனேன்.

கல்யாண வீட்டில் பெண்ணின் பெரியப்பா ஒரு சட்டியின் கடதாசியை அவிழ்த்துச் சரித்துப் பார்த்தார். தயிர் அசையவில்லை. சந்தோஷத்தில் மாமாவுக்கு ஸலாம் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினார். எங்கள் பக்கம் ஸலாம் கொடுப்பது இரண்டு கையாலும்தான். மாமா வலது கையை மட்டும் கொடுத்தார்.

"என்ன ட்ரைவர், மத்தக் கைய வீட்டுல வெச்சிட்டு வந்தீங்களா? பெரிய ஆளாகிட்டீங்க போல."

"அது மருமகனுக்கிட்ட இருக்கு ஹாஜியார்" என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன். பிறகு சஹன் என்ற ஒரே பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். அங்கே எல்லோருக்கும் வலது கைக்குத்தான் வேலை. இடது கையை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. மாமா அன்று நிறையச் சாப்பிட்டார்.

பின்னேரம் என்னைத் தன் வீட்டுக்கே கூட்டிப் போனார். கிணற்றடியில் மாமி அவருடைய சட்டையைக் கழற்றிவிட்டு, இடது கையின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். கொடுத்துவைத்த மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். என்னைக் கண்டதும் மாமி கண்ணைத் துடைத்தார்.

"மாமாவ விட்டுட்டு எங்கயும் போயிராத மகன்."

"ஓம் மாமி" என்றேன். நான் மறுபடியும் ஓடிவிடுவேன் என்று பயப்படுகிறார் போலும்.

உடம்பின் ஒரு பக்கத்தை விழுத்திவிடும் பாரிசவாதம் என்ற சொல்லைப் பல வருடம் கழித்து, வேறோர் ஊரில், வேறொருவருடைய நோயைப் பற்றிப் பேசும்போதுதான் கேட்டேன். அதற்குள் நான் எத்தனையோ முதலாளிகளிடம் வேலை பார்த்து, விட்டு, நடந்திருந்தேன்.

கல்யாணத்துக்கு அடுத்த நாள் வெள்ளனச் சுபஹு தொழுதுவிட்டு முதலாளியின் வாசலுக்குப் போனோம். என்னைக் காட்டி "ஆர் இது?" என்று கேட்டார் அவர்.

"கிளீனர். மருமகன்தான்."

"இந்தப் பொடியன் என்ன வேலை செய்வான்?"

"பாருங்களேன்."

துடைக்கும் துணி எங்கே இருக்கிறது என்றுகூட நான் கேட்கவில்லை. ஏறி, இடது பக்கம் உட்கார்ந்து, கியரில் கையை வைத்து, மாமாவின் முழங்கால் தாழ்வதற்காகக் காத்திருந்தேன். வண்டி ஓட்டப் பழகுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.