எடுக்காமல் விட்ட சிரிப்பு

நம்பச் சொல்லி யார் காலிலும் நான் விழப்போவதில்லை. ஆனால் இது கட்டுக்கதை இல்லை. என் வீட்டில், என் தம்பிக்கு நடந்தது.

நான் சினிமாவில் படத்தொகுப்பாளர். சாவுக் காட்சி என்றால் என்னிடம்தான் வருவார்கள். 'சாவுக்காரி' என்றே எனக்குப் பட்டப்பெயர். சொல்லிவிட்டுப் போகட்டும், சோறு போடுகிற தொழில்.

சினிமாவில் பிணம் மூச்சு விடும். எவ்வளவு பெரிய நடிகராக இருந்தாலும் நெஞ்சு ஏறி இறங்கும், இமை துடிக்கும். அது தெரிவதற்குள் வெட்டி, அழுகிறவர்கள் முகத்துக்குத் தாவுவதுதான் என் வேலை.

இன்னொரு வழக்கமும் உண்டு. பிணமாக நடித்தவர், காட்சி முடிந்ததும் கண்ணைத் திறந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம்பிடிப்பார்கள். இல்லாவிட்டால் சாவு ஒட்டிக்கொள்ளுமாம். நான் அதைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவள்.

அந்தப் படத்தில் பிணம் என் தம்பி. வாய்ப்புக் கேட்டுக் கேட்டு என் உயிரை எடுத்தான். நான்தான் இயக்குநரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தேன்.

"பொணமாடா? பரவாயில்லையா?"

"வசனமே இல்லக்கா. சொதப்ப முடியாது பாரு."

அம்மா அப்பா போன பிறகு என் கையில் வளர்ந்தவன். எனக்கென்று இருப்பது அவன் ஒருத்தன்தான்.

படப்பிடிப்பு முடிந்த நாலாம் நாள் மதியம், அந்தக் காட்சி என் மேசைக்கு வந்தது. ஜன்னல் இல்லாத அறை. நான் மட்டும் இருந்தேன்.

முதல் டேக். திறந்த முற்றத்தில் கட்டில். அதில் தம்பி, கழுத்துவரை வெள்ளைத் துணி. நடுவில் இருமித் தொலைத்தான். ஊதித்தள்ளிய சிகரெட் சும்மா விடுமா? அம்மாவாக நடித்தவருக்கே அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாவது டேக். நெஞ்சு நன்றாகவே ஏறி இறங்கியது. "கழுதை" என்று திட்டிக்கொண்டேன்.

மூன்றாவது டேக்.

அசையவில்லை. ஏழு நிமிடம் ஓடியது. இமைகூடத் துடிக்கவில்லை. அம்மா நடிகை அவன் நெஞ்சில் முகம் புதைத்தார். சட்டென்று நிமிர்ந்தார். அலறினார். அப்படி ஓர் அழுகையை நான் அதுவரை பார்த்ததில்லை. பயலுக்கு நடிப்பு வந்துவிட்டதே என்று பூரித்துப் போனேன்.

"கட்" என்ற குரல். உடனே சடசடவென்று மழை. "விளக்கை மூடு, ஓடு ஓடு" என்று கூச்சல். எல்லோரும் ஓடினார்கள். குடைக்குக் கீழே இருந்த கேமராவை அணைக்க மறந்துவிட்டார்கள்.

கட்டில். தம்பி. மழை...

அவன் எழவில்லை.

மழை அவன் முகத்தில் விழுந்தது. உதட்டுக்குள் வழிந்தது. அவன் துப்பவில்லை... விழுங்கவில்லை...

அதோடு படம் நின்றது. சிரிப்பு ஷாட் இல்லை.

உதவி இயக்குநருக்குப் போன் செய்தேன்.

"சிரிப்பு எடுக்கலையா?"

"மழை வந்துடுச்சுக்கா... மறந்தே போச்சு."

படப்பிடிப்பு அன்று அவன் சொட்டச் சொட்ட நனைந்து வீட்டுக்கு வந்தது ஞாபகம் வந்தது. பசிக்கவில்லை என்றான். குண்டான் குண்டானாகச் சாப்பிடுகிறவன், நாலு நாளாகக் கொறிக்கத்தான் செய்கிறான்.

அப்புறம்... இருமல்.

நாலு நாளாக வீட்டில் இருமல் சத்தமே இல்லை.

அடித்துப் பிடித்து வீட்டுக்கு ஓடினேன். தம்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். போனை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"சிரிடா."

"எதுக்குக்கா?"

"சிரின்னா சிரி!"

சிரித்தான். அதே பழைய சிரிப்பு, பல் அத்தனையும் தெரிய. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது.

சமையலறைக்குப் போய் வீடியோவை ஓடவிட்டேன்.

நாற்காலியில் தம்பி.

கண் மூடியிருந்தது.

தலை சாய்ந்திருந்தது... கட்டிலில் சாய்ந்திருந்த அதே பக்கம்.

சிரிப்புச் சத்தம் கேட்டது.

என்னுடையது மட்டும்.

மறுநாள் அம்மா நடிகையைத் தேடிப் போனேன். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நெஞ்சுல காது வச்சேம்மா. ஒண்ணுமே கேக்கல. கத்தினேன். நல்லா நடிக்கிறேன்னு நெனச்சுட்டாங்க. என்னையும் இழுத்துக்கிட்டு ஓடினாங்க. மழை விட்டதும் வந்து பாத்தா கட்டில் காலி. எழுந்து போயிட்டான்னு என் மனச நானே தேத்திக்கிட்டேன்."

படம் வெளியாகிவிட்டது. அந்த அழுகையைப் பார்த்துத் தியேட்டரே அழுகிறதாம். நான் போகவில்லை.

சிரிப்பு ஷாட்டை இப்போதாவது எடுத்துவிடலாம் என்று இயக்குநர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். நான்தான் தட்டிக் கழிக்கிறேன். எடுத்தால் தம்பி முழுசாக என்னிடம் வந்துவிடுவானா, இல்லை ஒரேயடியாகப் போய்விடுவானா... எனக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

இதை எழுதும்போது அவன் அடுத்த அறையில்தான் இருக்கிறான். தினமும் சாயங்காலம் கதவருகே வந்து நிற்பான். ஒரே கேள்விதான் கேட்பான்.

"சிரிப்பு ஷாட் எப்பக்கா எடுப்பாங்க? எனக்கு இன்னும் எழுந்த மாதிரியே இல்ல."

"நாளைக்குடா" என்பேன்.