பம்பரம் வைத்த குண்டு

எங்கள் தின்கன்ஜூன் பேட்டையில் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் சோறு வைப்பதா, என் வேலையைப் பார்ப்பதா என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டை. வெளிநாட்டுப் படங்களுக்குப் பர்மிய மொழியில் வசனம் எழுதுவது என் பிழைப்பு. அன்றைக்குக் கையிலிருந்தது பழைய ஆயுதங்களைப் பற்றிய படம்.

இரண்டாம் உலகப் போருக்குக் கொஞ்சம் முன்பு பிரெஞ்சுக்காரர்கள் ஒரு குண்டுக்கு இறக்கை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே பம்பரம் மாதிரி சுழலும் ஒரு கருவி. அதுதான் குண்டைச் சாயாமல், திசை மாறாமல் பிடித்துக்கொள்ளுமாம். விமானம் எட்ட இருந்தே போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். எஞ்சின் கிடையாது என்பதால் குண்டு ஓசையில்லாமல் சறுக்கிக்கொண்டே வரும். பிரான்சே விழுந்துவிட, சோதனை பாதியில் நின்றுபோனது என்றார் படத்தில் பேசியவர், ஏதோ நல்ல காரியம் வீணானதுபோல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிற்பாடு மற்றவர்கள் அதைச் செய்து முடிக்காமல் விட்டார்களா என்ன?

அப்புறம்தான் என் தங்கை நினைப்பு வந்தது. அவள் வடக்கே, ராணுவ விமானம் குண்டு போடும் பக்கத்தில், ஒரு கிராமத்தில் டீச்சர். சயாமா, சயாமா என்று பிள்ளைகள் அவள் காலையே சுற்றும். விமானம் தலைக்கு மேலே வந்தால் பதுங்குகுழியில் இறக்குவாள். தூரத்தில் கேட்டால் பாடம் நடக்கும். “எட்டப் போறதுக்கெல்லாம் ஓடினா இதுங்க எப்பக்கா படிக்கும்?” என்பாள். எட்டக் கேட்டாலும் இறங்கிவிடு என்று அவளிடம் எப்படியாவது சொல்லியாக வேண்டும்.

அவள் ஊரில் போன் எடுக்காது. குன்றேறி வந்து அவளாகக் கூப்பிட்டால்தான் உண்டு. அடுப்படிக்கும் குளியலறைக்கும் போனைத் தூக்கிக்கொண்டே அலைந்தேன். கூப்பிடுடி, கூப்பிடுடி என்று பைத்தியக்காரி மாதிரி அதனிடமே கெஞ்சினேன்.

ஒருவழியாகக் கூப்பிட்டாள். போனில் குண்டு, விமானம் என்று இங்கே யாரும் வாய் திறப்பதில்லை. யார் ஒட்டுக்கேட்கிறார்களோ. அதற்காகவே நாங்கள் தமிழில் பேசுவோம், அதையும் சுற்றி வளைத்து. அவளுக்குத் தெரிந்ததோ வீட்டுத் தமிழ் மட்டும். பிரெஞ்சுக்காரன் கருவியை அதில் எப்படிச் சொல்வேன்?

“இங்க பாரு, பருந்து தலைக்கு மேல வரணும்னு இல்ல. எட்ட இருந்தே சறுக்கி வரும். சத்தமே கேக்காது. தூரத்துல தெரிஞ்சாலும் குஞ்சுங்களைக் கூடைக்குள்ள போட்டு மூடிடு. புரியுதாடி?”

அவளுக்குக் கேட்டதோ இல்லையோ என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

“புரியுதுக்கா,” என்றாள். “பருந்து செவ்வாக்கிழமையே வந்து கொத்திட்டுப் போயிடுச்சு. கூடை காலியாத்தான் இருந்துச்சு. குஞ்சுங்க எல்லாம் வாய்ப்பாடு சொல்லிக்கிட்டு இருந்துச்சுங்க.”